மீட்ட நகை வழக்கு முடியும்வரை நீதிமன்றத்திலேயே கிடக்க வேண்டுமா?

கேள்வி: சித்திரையில் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தபோது வீட்டுப் பூட்டை உடைத்து 22 சவரன் நகையையும் வாசலில் நின்ற ஸ்கூட்டரையும் திருடிவிட்டார்கள். ஆவணியில் ஒருவன் பிடிபட்டான். ஐந்து சவரன் ஆரம் ஒன்று அடகுக் கடையிலும், நான்கு வளையல்கள் அவன் வீட்டிலும், உருக்கிய தங்கக் கட்டி 32 கிராம் ஒரு நகைப் பட்டறையிலும் கிடைத்தன. ஸ்கூட்டரும் கிடைத்தது. "எல்லாம் கோர்ட்டுக்குப் போய்விட்டது, கேஸ் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள் காவல் நிலையத்தில். அடகுக் கடைக்காரரோ, தான் கொடுத்த பணத்தைக் கட்டினால்தான் ஆரம் என்கிறார். தை மாதம் மகளுக்குத் திருமணம். வழி உண்டா?

பதில்:

வழி உண்டு, அம்மா. கேஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மனு நீங்கள்தான் போட வேண்டும். யாரும் வீடு தேடி வந்து கொடுக்க மாட்டார்கள்.

நான் வழக்கறிஞன் அல்லன். குற்றவியல் நடுவர் நீதிமன்ற அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பல ஆண்டுகள் சொத்து அறையின் சாவி என் பொறுப்பில் இருந்தது. அந்த அறையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். துருப்பிடித்த அரிவாள், கறை படிந்த வேட்டி, சாராய பாட்டில், உடைந்த செல்போன், இவற்றுக்கு நடுவே ஓர் இரும்புப் பெட்டிக்குள் காடாத் துணியில் பொதிந்து அரக்கு முத்திரை வைத்த யாரோ ஒருவரின் தாலிச் சரடு. அந்தத் துணிப் பொட்டலங்களில் சில நான் பணியில் சேர்வதற்கு முன்பே வந்தவை. உரியவர்களுக்கு அவை வேண்டாம் என்றில்லை. "கேஸ் முடியட்டும்" என்று யாரோ சொன்னதை நம்பி வீட்டில் இருந்துவிட்டார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 497-ஆவது பிரிவு. இரண்டுமே, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சொத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகின்றன. புதிய சட்டம் ஒருபடி மேலே போகிறது. புலனாய்வு நடக்கும் கட்டத்திலேயே இதைச் செய்யலாம் என்கிறது. சொத்து நீதிமன்றத்துக்கு வந்த 14 நாட்களுக்குள் அதன் விவரப் பட்டியல் தயாரிக்க வேண்டும், புகைப்படம் எடுக்க வேண்டும், தேவையென்றால் வீடியோவும் எடுக்க வேண்டும். அது முடிந்த 30 நாட்களுக்குள் சொத்தை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். அந்தப் படமும் பட்டியலும் விசாரணையில் சாட்சியமாகவே ஏற்கப்படும். இந்தக் கெடுவை நம்பி மனுப் போடாமல் இருந்துவிடாதீர்கள். தினமும் நூறு வழக்குக் கட்டுகள் நகரும் நீதிமன்றத்தில், கேட்பவருடைய கட்டுதான் மேலே வரும். அங்கேயே இருந்தவன் சொல்கிறேன்.

"சொத்து காவல் நிலையத்தில் பத்திரமாகத்தானே இருக்கும்" என்று நினைப்பவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சொல்வேன். ஒன்று பசவ்வா என்ற பெண்மணியின் வழக்கு. அன்றைய மைசூர் மாநிலத்தில் அவர் வீட்டில் திருட்டுப் போன நகைகளைப் போலீசார் மீட்டார்கள். பிறகு அவை காவல் நிலையத்திலிருந்தே காணாமல் போயின. நகைதான் இல்லையே, எதைத் திருப்பிக் கொடுப்பது என்று கைவிரித்தார்கள். 1977-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சொத்தைப் பாதுகாக்க வேண்டியது அரசின் கடமை, அதில் தவறினால் மதிப்பைக் கொடு என்று சொல்லி 10,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. மற்றொன்று குஜராத்திலிருந்து வந்த சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கு. அதில் குற்றம் சாட்டப்பட்டவர்களே போலீஸ்காரர்கள். வழக்குச் சொத்தாக வந்த நல்ல நகையை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் மீதிருந்த புகார்களில் ஒன்று. அந்த வழக்கில் 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னவைதான் இன்றும் ஒவ்வொரு சொத்து மனுவிலும் மேற்கோளாக வருகின்றன: நகையை ஆண்டுக்கணக்கில் காவலில் வைத்துப் பயனில்லை; விரிவான மகஜர் (பொருளின் விவரம் எழுதிச் சாட்சிகள் கையெழுத்திடும் ஆவணம்) எழுது, படம் எடு, பிணை வாங்கு, உரியவரிடம் கொடு. உங்கள் வழக்கறிஞர் இதை மனுவில் எழுத மறந்தாலும் நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

இனி உங்கள் காரியம். முதலில் மூன்று எண்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் குற்ற எண் ஒன்று. குற்றப்பத்திரிகை தாக்கலாகி இருந்தால் வழக்கு எண் இரண்டு. மூன்றாவதுதான் பலர் விட்டுவிடுவது. காவல் நிலையத்திலிருந்து படிவம் 95-இல் நகை நீதிமன்றத்துக்கு வந்ததும் சொத்துப் பதிவேட்டில் ஓர் எண் விழும். நம் பக்கத்து நீதிமன்றங்களில் அது பெரும்பாலும் ஆர்.பி.ஆர். என்று தொடங்கும். அந்த எண் இல்லாத மனுவை நாங்கள் குறை குறிப்பிட்டுத் திருப்பிவிடுவோம். ஒரு வாரம் வீண். நகை நீதிமன்றத்துக்கு வராமல் இன்னும் காவல் நிலையத்திலேயே இருந்தால் மனு வேறு பிரிவில் வரும், புதிய சட்டத்தில் 503. ஆகவே "கோர்ட்டுக்குப் போய்விட்டது" என்ற பேச்சை நம்பி விட்டுவிடாமல், அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிடிபட்டவன் வேறொரு காவல் நிலைய எல்லையில் கைதானவன் என்றால் இன்னும் கவனம் தேவை. உங்கள் வளையல் அந்த ஊர்க் குற்ற எண்ணில், அந்த ஊர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் இங்கே மனுப் போட்டுக் காத்திருப்பீர்கள்.

மனுவோடு வைக்க வேண்டியது, நகை உங்களுடையது என்று காட்டும் எதுவானாலும். கடை ரசீது இருந்தால் நல்லது. பாட்டி காலத்து ஆரத்துக்கு ரசீது எங்கே இருக்கும்? நான் பார்த்த மனுக்களில் ரசீதைவிட அதிகம் வேலை செய்தது கல்யாண ஆல்பம். கழுத்தில் ஆரத்தோடு நிற்கும் படம், அதில் பதக்கத்தின் வடிவம் தெரிந்தால் போதும். அடகு வைத்து மீட்ட பழைய வங்கிச் சீட்டு இருந்தால் அது இன்னும் நல்லது. எடையும் விவரமும் அதில் இருக்கும். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு கடையில் வாங்கிய ஹால்மார்க் நகையென்றால் அதில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்க அடையாளக் குறி பொறித்திருக்கும். ரசீதில் அந்த எண் இருந்தால் யாரும் மறுக்க முடியாது. புகார் கொடுத்தபோது நீங்கள் சொன்ன எடைக்கும் மீட்ட எடைக்கும் வித்தியாசம் இருந்தால் மறைக்காதீர்கள். கல், அரக்கு, தேய்மானம் என்று காரணத்தைப் பிரமாணப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். மறைத்தால் குறுக்கு விசாரணையில் அதுதான் முதல் கேள்வியாக வரும்.

மனு வந்ததும் நடுவர் காவல்துறையின் பதிலைக் கேட்பார். அரசு உதவி வழக்கறிஞர் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தயங்கினால், பெரும்பாலும் காரணம் நகை அல்ல, குற்றப்பத்திரிகை இன்னும் தயாராகாததுதான். அதை நீதிமன்றத்தில் சொல்லத் தயங்க வேண்டாம். உரிமைக்குப் போட்டி இருந்தால் மற்றவருக்கும் அறிவிப்பு போகும். உங்கள் வழக்கில் அந்த மற்றவர் அடகுக் கடைக்காரர்.

அவருக்குப் பணம் கட்டாதீர்கள். திருடனுக்கு அந்த ஆரத்தில் எந்த உரிமையும் கிடையாது. இல்லாத உரிமையை அவன் அடகாகக் கொடுக்கவும் முடியாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் நல்லெண்ணத்தில் அடகு வாங்கியவருக்குச் சில இடங்களில் பாதுகாப்புத் தருகிறது. உரிமையாளரின் சம்மதத்தோடு பொருளை வைத்திருக்கும் வியாபார முகவர் அடகு வைத்தால் அது செல்லும். ஏமாற்றிச் செய்த ஒப்பந்தத்தின் மூலம் பெற்ற பொருளை, அந்த ஒப்பந்தம் ரத்தாவதற்குள் அடகு வைத்தாலும் செல்லக்கூடும். பூட்டை உடைத்து எடுத்த நகை இந்த இரண்டிலும் சேராது. கடைக்காரர் தன் நஷ்டத்தை அவனிடம்தான் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். நகையை அடகு வைத்தவர் திருடன் அல்ல, நீங்கள் நம்பிக் கொடுத்த மைத்துனர் என்றால் கதை வேறு. அங்கே கடைக்காரரின் வாதத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு, சிவில் நீதிமன்றம்வரை இழுக்கும்.

அந்த 32 கிராம் கட்டியைப் பற்றி. இதுதான் உங்கள் மனுவில் முள். ஆரத்தையும் வளையலையும் பார்த்து "என்னுடையது" என்று சொல்லலாம். கட்டியைப் பார்த்து எப்படிச் சொல்வீர்கள்? அவன் நான்கு வீட்டில் திருடியிருந்தால் நான்கு வீட்டுத் தங்கமும் அதில் கலந்திருக்கலாம். சட்டம் உங்களைக் கைவிடவில்லை. வழக்கு முடிவில் சொத்தை ஒப்படைக்கும் 498-ஆவது பிரிவு, திருடிய பொருளை மாற்றியோ அதற்கு ஈடாகவோ பெற்றதையும் "சொத்து" என்றே கணக்கில் எடுக்கிறது. நகை கட்டியானாலும், நகையை விற்ற காசில் வண்டி வாங்கினாலும் அந்தச் சொல்லுக்குள் வரும். ஆனால் அந்தக் கட்டி உங்கள் வீட்டு நகையிலிருந்து வந்தது என்று பட்டறைக்காரரின் வாக்குமூலமும் கைப்பற்றிய மகஜரும் சொல்ல வேண்டும். ஆகவே என் யோசனை: இரண்டு மனுவாகப் போடுங்கள். ஆரம், வளையலுக்கு ஒன்று. கட்டிக்குத் தனியாக ஒன்று. ஒரே மனுவில் எல்லாவற்றையும் கேட்டு, கட்டியின் தகராறில் ஆரமும் சேர்ந்து ஆறு மாதம் தூங்கியதைப் பார்த்திருக்கிறேன். தைக்குள் வேண்டியது ஆரம். கட்டி பிறகு வரட்டும், அல்லது தீர்ப்பின்போது வரட்டும்.

மனு அனுமதிக்கப்பட்டால் உத்தரவில் நிபந்தனைகள் இருக்கும். நகையின் மதிப்புக்கு உங்கள் சொந்தப் பிணைப்பத்திரம், பெரும்பாலும் இரண்டு பிணையதாரர்கள், நகையின் புகைப்படங்கள், அவற்றில் உங்கள் கையெழுத்து. முடிந்தால் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், கையெழுத்தும். படம் டிஜிட்டலாக இருந்தால் அதற்கு உரிய சான்றிதழும் கேட்பார்கள். பிணையதாரர்களாக ஊரில் சொந்த வீடோ நிலமோ உள்ளவர்களைச் சொல்லி வையுங்கள். உத்தரவு வந்த பிறகு ஆள் தேடிப் பத்து நாள் அலைந்தவர்கள் அநேகம். பிணையதாரர்களை வாசலிலேயே ஏற்பாடு செய்து தருவதாகச் சிலர் வருவார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். நாளைக்கு நகையைக் கொண்டுவரச் சொல்லும்போது அவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள், கேள்வி உங்களைத்தான் சுற்றும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த உத்தரவினால் ஆரம் உங்களுக்குத் தீர்ப்பாகிவிடவில்லை. நீதிமன்றத்தின் கையில் இருந்த பொருளுக்கு இனி நீங்கள் காவல், அவ்வளவுதான். மகள் கல்யாணத்தில் போடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். தாராளமாகப் போடலாம். விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, உருக்கிப் புது மாடல் செய்யக் கூடாது. மகளுக்குச் சீராகக் கொடுத்து அவள் வெளியூருக்கு எடுத்துப் போவதாக இருந்தால், அழைத்த நாளில் ஆரம் உங்கள் கைக்கு வந்து சேரும் என்ற உறுதி வேண்டும். சங்கிலிப் பறிப்பு வழக்குகளில் ஒரு வேதனை உண்டு. அறுந்த தாலிச் சங்கிலி இரண்டு துண்டாகத் திரும்பி வரும். பற்றவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று எந்தப் பெண்ணும் நினைப்பாள். அறுந்த கண்ணியே பறிப்புக்குச் சாட்சி. பற்றவைக்கும் முன் நீதிமன்றத்தில் ஒரு வரி அனுமதி கேட்டுவிட வேண்டும். நல்ல படம் கோப்பில் இருந்தால் நடுவர்கள் மறுப்பது அபூர்வம்.

சாட்சிக் கூண்டில் ஏறும் நாளில் ஆரத்தையும் வளையலையும் கொண்டுபோய்க் காட்டச் சொல்வார்கள். சா.பொ.1, சா.பொ.2 (சான்றுப் பொருள்) என்று எண் போடுவார்கள். "இதே மாதிரி வளையல் எந்தக் கடையிலும் கிடைக்கும்தானே?" என்று எதிரியின் வழக்கறிஞர் கேட்பார். இது கேட்காமல் விட்ட விசாரணையை நான் பார்த்ததில்லை. உள்பக்கத்தில் இருக்கும் கடை முத்திரை, நெளிந்த இடம், மாற்றிப் போட்ட திருகாணி, இப்படி ஏதாவது ஒன்றை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவா என்ற நிபந்தனை சாமியையும் விட்டதில்லை. திருப்பூர் மாவட்டத்தில் ஒரு கோயிலின் மூலவர் சிலை திருடப்பட்டு, மீட்கப்பட்டு, மறுபடி பிரதிஷ்டை செய்யப்பட்ட பிறகு, அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து காட்டுமாறு கும்பகோணம் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கிட்டு, வேண்டுமானால் வழக்கறிஞர் ஆணையர் கோயிலுக்கே போய்ப் பார்த்து வரட்டும் என்று சொன்னது. நமக்கெல்லாம் அந்தச் சலுகை கிடையாது. நாம்தான் மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஸ்கூட்டருக்குத் தனி மனு. பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ், உங்கள் அடையாளச் சான்று போதும். தவணைக் கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆட்சேபணை இல்லாக் கடிதமும் கேட்பார்கள். ஒரு கேள்வி: வண்டி போனதற்கு இன்ஷூரன்ஸ் பணம் வாங்கிவிட்டீர்களா? வாங்கியிருந்தால் வண்டி இனி அந்த நிறுவனத்துக்குப் போக வேண்டியது, மனுவும் அவர்கள்தான் போட வேண்டும். வாங்கவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். காவல் நிலைய வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் வண்டிக்கு இரண்டு பருவம் போதும், பிறகு இரும்புக் கடை எடைதான்.

கைப்பேசி, ரொக்கம் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. கைப்பேசி தொலைந்ததாக மனு ரசீது மட்டும் போடப்பட்டு மீட்கப்பட்டால், காவல் அலுவலகத்தில் விழா வைத்து நேரடியாகக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் தகவல் அறிக்கை இருந்தால் நீதிமன்றம் வழியாகத்தான். தொலைந்த கைப்பேசியை முடக்க உதவும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கியிருந்தால் கைக்கு வந்த பிறகு அதை நீக்கவும் மறக்கக் கூடாது. ரொக்கத்துக்கு நோட்டு எண்களைப் பட்டியலிட்டுக் கொடுத்துவிடுவார்கள். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு எங்கள் பெட்டிக்குள் இருந்த பழைய 500, 1000 ரூபாய் நோட்டுக் கட்டுகளை நினைத்து நாங்கள் பட்ட கலக்கம் கொஞ்சமில்லை. எண்கள் குறித்து வைக்கப்பட்ட நோட்டுகளை நீதிமன்ற உத்தரவின் பேரில் மாற்றிக்கொள்ள 2017-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்த பிறகுதான் மூச்சு வந்தது.

இன்னும் கிடைக்காத நகைக்கு இந்த மனுவில் பரிகாரம் இல்லை. எதிரி தண்டிக்கப்பட்டால் இழப்பீடு கேட்கலாம், அவனிடம் இருந்தால்.

வழக்கு முடியும் நாளில் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்பின் கடைசிப் பத்தியில் சொத்தைப் பற்றி ஒரு வரி இருக்க வேண்டும்: ஏற்கெனவே ஒப்படைத்தது உறுதி செய்யப்படுகிறது, பிணைப்பத்திரம் ரத்தாகிறது என்று. அது இல்லாவிட்டால் நீங்கள் காலத்துக்கும் பிணையிலேயே இருப்பீர்கள். எதிரி விடுதலையானால் பயப்படாதீர்கள். யாரிடமிருந்து கைப்பற்றப்பட்டதோ அவரிடமே கொடுப்பது அப்போது வழக்கம் என்றாலும், அது மாற்ற முடியாத விதி அல்ல. "இது என் நகை அல்ல" என்று அவனே சொல்லியிருப்பான், பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள். நகை உங்களுடையது என்பது சாட்சியத்தில் வந்திருந்தால் உங்களிடமே விடச் சொல்லிக் கேளுங்கள். அந்த உத்தரவு மேல்முறையீட்டுக்கு உட்பட்டது. அதனால் கால்நடை, கெட்டுப்போகும் பொருள் தவிர மற்றவற்றில் பிணைப்பத்திரம் இல்லாமல் இரண்டு மாதம் நிறைவேற்ற மாட்டார்கள்.

இடைக்கால மனுவையே நடுவர் தள்ளிவிட்டால் அமர்வு நீதிமன்றத்தில் சீராய்வு மனு (ரிவிஷன்) உண்டு, அதற்கு மேல் உயர் நீதிமன்றம். உங்கள் விஷயத்தில் அதற்குத் தேவை வராது என்றே நினைக்கிறேன். ஐப்பசி பிறப்பதற்குள் மனுவைப் போட்டுவிடுங்கள்; பதில், பிணையதாரர், படம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்தா போகும்.

நகையை வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞரோடு சேர்ந்து பாருங்கள். உங்கள் முன்னால் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். மகஜரின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, வளையல் நான்கா, பதக்கம் அதே பதக்கமா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். என்னைப் போன்ற எழுத்தர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எடை சரியாக இருந்த பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள்.